தண்ணீரில் இறக்காத வண்டி

என் வண்டி இப்போது ஓடுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுகோடியில் ஒரு பட்டறையில் எஞ்சினை முழுக்கப் பிரித்து, மறுபடி கட்டி, ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டு கொடுத்தார்கள். ஆகவே வண்டி பிழைத்ததா என்று யாரும் பதற வேண்டாம். நான் எழுத வந்தது ஒரு வரியைப் பற்றி. சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில், பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தில், அச்சடித்திருந்த ஒரே ஒரு ஆங்கில வரி. வண்டியை ஆழமான தண்ணீரில் ஓட்டியதால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது அதன் பொருள். அதன் கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். போடவில்லை.

நான் வேதியியல் டீச்சர். ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு. பள்ளிக்கு இருபத்தாறு வருடம் ஸ்கூட்டரில் போய் வந்தவள். ஐம்பதாவது வயதில், நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற, பாதையே இல்லாத இடத்திலும் ஏறிப் போகிற டீசல் வண்டி ஒன்றை வாங்கினேன். ஏன் என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர், "டீச்சர், கடைக்குப் போய் காய் வாங்க இவ்ளோ பெரிய வண்டியா?" என்றார். "ஆமாங்க, காய் விக்கிற எடம் ரொம்ப மேடு" என்று பதில் சொன்னேன். ஆசைப்பட்டேன், வாங்கினேன். இதற்கு மேல் ஒரு காரணம் யாருக்கும் நான் தர வேண்டியதில்லை என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

என் கணவர் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. கோயில் பாடகர் குழுவில் பாடுவார், வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஞாயிறு மதியம் நான் ஆனேக்கல் பக்கம் மண்பாதைகளில் வண்டியை ஏற்றி இறக்கக் கிளம்பினால், சாப்பாட்டு டப்பாவுடன் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். மண்பாதை ஓட்டுகிறவர்களின் குழு ஒன்றில் நானும் சேர்ந்திருந்தேன். அதில் நான் ஒருத்திதான் பெண். முப்பது வயதுப் பையன்கள் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவார்கள். அதற்குக் கோபப்பட்டதில்லை. மேட்டில் அவர்கள் திணறிய இடத்தில் நான் ஏறிவிட்டு, மேலே நின்று அவர்களைப் பார்த்துக் கை அசைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

வாரன்டி மூன்று வருடம். அது முடிந்து இருபத்திரண்டாவது நாள், ஈஸ்டருக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு அன்று வண்டி நின்றது. அன்றைக்குக் குழு இல்லை, நாங்கள் இருவர் மட்டும். ஆனேக்கல் தாண்டி, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிக்குப் போகிற ஏற்றம். மழை பெய்து நான்கு மாதமாகியிருந்தது. பக்கத்து ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. அந்த வட்டாரத்தில் டயர் நனைய வேண்டும் என்றால் நாங்கள் கொண்டுபோயிருந்த குடிதண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பாதி ஏற்றத்தில் எஞ்சின் குலுங்கியது. பின்னால் வெள்ளைப் புகை எழுந்தது. நிறுத்துவதற்குள் உள்ளே ஏதோ இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் கேட்டது. பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றுமில்லை. கீழே இறங்கி அந்தப் புகையை முகர்ந்தேன். லேசாக இனிப்பு வாடை. எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றுகிற கூலன்ட் எரிந்தால் அப்படித்தான் இருக்கும். கூலன்டில் இருக்கிற கிளைக்கால் என்ற ரசாயனத்தை வருடம் தவறாமல் பதினோராம் வகுப்புக்குப் பாடமாக நடத்துகிறவளுக்கு அது தெரியாமல் போகுமா?

மறுநாள் வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஓசூர் ரோட்டில் இருக்கும் சர்வீஸ் சென்டரில் விட்டோம். மூன்று வருடமும் அங்கேதான் சர்வீஸ். டை கட்டிய அட்வைசர் ஒருவர் வந்தார். பானெட்டைத் திறந்து, காற்று உள்ளே போகிற குழாயைக் கழற்றி, விரலை விட்டுப் பார்த்தார். விரல் ஈரமாக வந்தது. உடனே என் கணவர் பக்கம் திரும்பினார்.

"சார், மேடம் எங்கயாவது தண்ணில எறக்கினாங்களா?"

நான் சாருக்கு ஒரு அடி தள்ளி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "மேடம் இங்கதான் இருக்கேன்" என்றேன்.

"இல்ல மேடம், சும்மனே கேட்டேன். லேடீஸ் ஓட்டுறப்போ ஆழம் தெரியாம எறக்கிடுறாங்க. இன்டேக்ல தண்ணி இருக்குது பாருங்க."

"அது கூலன்ட். முகர்ந்து பாருங்க."

அவர் முகரவில்லை. என் கணவரிடமே தொடர்ந்து பேசினார். வாரன்டி முடிந்துவிட்டதாம். ஆனாலும் மூன்று வருடம் ஒழுங்காக இங்கேயே சர்வீஸ் செய்த வாடிக்கையாளர் என்பதால், கம்பெனி மனது வைத்துப் பாதிச் செலவை ஏற்றுக்கொள்ள வாய்ப்பிருக்கிறதாம். அதற்கு இந்த ஜாப் கார்டில் சார் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். வண்டி சார் பெயரில் இல்லை, என் பெயரில் இருக்கிறது என்று சொன்ன பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார். அங்கேதான் அந்த வரியை முதலில் படித்தேன்.  மூன்று வருடம் ஓட்டியதில் ஒரு கீறல் கிடையாது, ஒரு அபராதம் கிடையாது. விரலை விட்டுப் பார்த்த ஒரு நிமிடத்தில் என்னை ஓட்டத் தெரியாதவள் என்று எழுதி, அதில் என் கையெழுத்தையே கேட்கிறார்கள்.

"இந்த வரிய எடுத்துட்டுக் கொண்டாங்க, போடுறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று இரவுக்குள் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. அந்த அட்வைசரைத் தெரிந்த யாரோ ஒருவன். ஆன்ட்டி வண்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டாராம், எஞ்சின் போய்விட்டதாம், அழுகிற பொம்மை இரண்டு. அதன் கீழே நிறைய அறிவுரைகள். தண்ணீரில் இறக்கும் முன் குச்சியை விட்டு ஆழம் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்திருந்தான் ஒருவன். குவாரி மேட்டில் மூன்று தரம் சறுக்கியவன் அவன். நான் பதில் போடவில்லை. ஆதாரத்தோடு போடலாம் என்று இருந்தேன்.

ஆதாரம் என் அலமாரியிலேயே இருந்தது. மூன்று வருட ஜாப் கார்டுகளையும் எடுத்து மேசையில் பரப்பினேன். ஒவ்வொரு சர்வீஸிலும், கீழே சின்ன எழுத்தில், கூலன்ட் குறைந்திருந்தது, நிரப்பப்பட்டது என்று எழுதியிருந்தது. மூன்று தடவை. கூலன்ட் ஓடுகிற பாதை மூடிய பாதை. அதில் சும்மா குறையாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். வெளியே ஒழுகினால் தரையில் தெரியும், தெரியவில்லை. அப்படியானால் உள்ளே ஒழுகுகிறது. புகையைக் குளிரவைக்க ஒரு கூலர் உண்டு. அதில் விரிசல் விட்டால் கூலன்ட் காற்றுக் குழாய்க்குள் கசிந்து எஞ்சினுக்குள் போய் எரியும். நோய் வாரன்டி காலத்திலேயே வந்துவிட்டது. அவர்கள் மூன்று தடவை நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. கணவரைக் கூப்பிட்டு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். ஏனோ முகம் வாடியிருந்தது. பெரிய வாரம் என்பதால் உபவாசம், அதனால் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை மூன்று கார்டுகளோடும் போனேன். இம்முறை மேலாளரே பேசினார். கன்னடக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், நல்ல மனிதராகவே தெரிந்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

"மேடம், நீங்க சொன்னதால குழாய்ல இருந்ததை டெஸ்ட் பண்ணிட்டோம். கூலன்ட் ரொம்பக் கம்மி. பெரும்பாலும் வெறும் தண்ணி. கூலன்ட் ஒழுகியிருந்தா கூலன்ட்தானே இருக்கணும்? இது வெளித் தண்ணி."

"இருக்க முடியாது. அந்தக் கூலன்ட் டப்பாக்குள்ள ஒரு சொட்டு வெறும் தண்ணிகூட நான் ஊத்தினதில்ல, ஊத்த விட்டதுமில்ல. எழுதிக்கோங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். சிக்னல் ஒன்றில் நிற்கும்போது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"தண்ணி ஊத்தினது நான்தாம்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்தத் தண்ணீர் என்று கேட்டேன்.

"தீர்த்தம்."

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் புது வண்டி வாங்கினால் முதலில் கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவோம். பூசை முடிந்ததும் ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். எங்கள் வண்டிக்கும் தெளித்தார். மறுநாளே நான் பானெட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அது இவர் மனதில் தைத்துவிட்டது. வெளியே தெளித்தால் துடைத்தால் போய்விடுகிறது, உள்ளே இருந்தால் போகாதே என்று யோசித்து, கோயில் தொட்டியிலிருந்து பிடித்து வந்த பாட்டிலைத் திறந்து கூலன்ட் டப்பாவில் ஒரு மூடி ஊற்றியிருக்கிறார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் நான் கோயிலில் பூ அலங்காரம் செய்யப் போகும் நேரத்தில், டப்பாவில் இருக்கிற மேல் கோடு வரை ஊற்றிவிடுவாராம்.

"மேல் கோடு வரைக்குமா?"

"ஆமா. ஆரம்பத்துல ஒரு மூடி போதும். அப்புறம் ரெண்டு. போன வருஷத்துலேர்ந்து கால் பாட்டில் புடிச்சிது. வண்டிக்கு இது வேணும்போல இருக்குதுன்னு நெனச்சேன்."

"வீட்டுக் குழாயிலேர்ந்தும் ஊத்தினீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "குழாத் தண்ணிய எப்படிம்மா ஊத்துவேன்? எஞ்சினுக்கு ஆகாதுன்னு நீதானே சொன்ன."

ஆட்டோ ஓட்டுநருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. தோள் குலுங்குவது கண்ணாடியில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவரை எட்டிப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. மூன்று வருடமாக நான் கூலன்ட் டப்பாவைப் பார்த்தபோதெல்லாம் அது கோடு வரை நிறைந்தே இருந்தது. ஒழுகுவது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் என் பக்கத்திலேயே சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தது. எப்போது பார்த்தாலும் நிறைந்திருக்கிறதே என்று, போன வருடத்திலிருந்து நான் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அது என் தப்பு. இதை நான் யாருக்கும் மறைக்கவில்லை.

"கடைசியா எப்ப ஊத்தினீங்க?"

"சாம்பல் புதனுக்கு முன்ன."

எங்கள் கோயிலில் சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை, தவக்காலம் முழுவதும் தீர்த்தத் தொட்டியைக் காலியாக வைத்துவிடுவார்கள். ஈஸ்டர் இரவில்தான் புதுத் தண்ணீர் மந்திரிப்பார்கள். ஆக, தவக்காலம் வந்தது, தொட்டி வறண்டது, இவர் பாட்டில் தீர்ந்தது. ஆறு வாரம் அந்த எஞ்சினுக்குள் யாரும் ஒன்றும் ஊற்றவில்லை. முந்தைய தவக்காலங்களில் கசிவு சொற்பம், தாங்கிவிட்டது. இம்முறை விரிசல் மட்டும் தன் வேலையைப் பார்த்தது. குருத்தோலை ஞாயிறன்று எஞ்சின் வெறும் வயிற்றோடு மேட்டில் ஏறியது. இன்னும் கொஞ்சம் முன்னால் தவக்காலம் வந்திருந்தால் வாரன்டிக்குள்ளேயே வண்டி நின்றிருக்கும். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாது.

பெரிய வியாழனும் வெள்ளியும் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. சனிக்கிழமை அதை ஒரு கணக்கைப் போலப் போட்டுப் பார்த்தேன். மூடிய டப்பா. வாரா வாரம் ஒருவர் நிரப்புகிறார். நிரப்ப நிரப்ப அளவு கூடிக்கொண்டே போகிறது. அதற்கு மேல் சர்வீஸ் சென்டரும் நிரப்புகிறது. அப்படியும் குறைகிறது என்றால் அது ஒழுகுகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? குழாயில் வெறும் தண்ணீர் இருந்ததற்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. அது ஆற்றுத் தண்ணீர் இல்லை, எங்கள் கோயில் தொட்டித் தண்ணீர். சொல்லிவிட்டால் நான் தண்ணீரில் இறக்கவில்லை என்பது நிரூபணமாகும். ஆனால் சொன்னால் இவரைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்த டை கட்டியவர் சிரிப்பார். குழுவின் பையன்களுக்கு எட்டும். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனிதர். சும்மா இருக்கிற இவரை நான் திட்டலாம், மூன்றாம் மனிதர் சிரிக்கக் கூடாது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை தனியாகப் போனேன். இவரை வர வேண்டாம் என்றேன். மேலாளரிடம், "டப்பாவுல தண்ணி ஊத்தினது உண்மை. ஊத்தினது நான். கோயில் தீர்த்தம்" என்றேன்.

பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள், உயிர்ப்பு ஞாயிறு முடிந்து இருபத்து நான்கு மணி நேரத்தில் சொன்ன பொய் அது. மேலாளர் புருவத்தை உயர்த்தினார். பக்கத்தில் நின்ற அட்வைசர், "மேடம், நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்தானே?" என்று கேட்டார். அதற்குள் அவர் உதடு கோணிவிட்டது. வாய்க்கு வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன்.

"டீச்சர்தான். அதனாலதான் சொல்றேன். கூலரைக் கழட்டி என் கண்ணு முன்னால காத்தடிச்சுத் தண்ணில முக்குங்க. குமிழி வரலேன்னா நீங்க சொல்ற எடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

மேலாளர் ஒத்துக்கொண்டார். கூலரைக் கழற்றி, இரண்டு வாயையும் அடைத்து, காற்றுக் குழாயைச் செருகி, ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கினார்கள். ஒரு ஓரத்திலிருந்து குமிழிகள் சரம் சரமாக வந்தன. மெக்கானிக் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "விரிசல்தான் மேடம், பழைய விரிசல்" என்றார். அட்வைசர் தன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மேலாளர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பழுதுக்கான காரணம் என்ற கட்டத்தை அழுத்தினால் நான்கு வரிகள் விழுந்தன. தண்ணீரில் ஓட்டியது, விபத்து, தவறான எரிபொருள், அனுமதியில்லாத மாற்றம். இந்த நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் கம்பெனி உதவி கேட்கிற கோப்பு மேலே போகாதாம். நம் பொருளில் விரிசல், நம் ஆள் மூன்று தடவை கவனிக்கவில்லை என்று ஒரு ஐந்தாவது வரி அங்கே இல்லை.

"நான் நம்பறேன் மேடம். சிஸ்டம் நம்பாது. ஏன் மாடோது?" என்ன செய்வது என்று கன்னடத்தில் கேட்டுக் கையை விரித்தார். "நாலுல இதுதான் கிட்டத்துல வருது. போகட்டும்னு விடுங்க. அத யாரு படிக்கப்போறாங்க?"

"நான் படிப்பேன்" என்றேன்.

பள்ளிக்குக் கோடை விடுமுறை விட்டிருந்தது. எனக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு சர்வீஸ் சென்டர் திறக்கும்போதே போய், வாடிக்கையாளர்கள் காத்திருக்கிற கூடத்தில் கதவுக்கு நேராக உட்கார்ந்தேன். மடியில் மூன்று ஜாப் கார்டு, பையில் சித்ரான்னம். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. வருகிறவர்களிடம் மரியாதையாக ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். உங்கள் பழைய கார்டில் கூலன்ட் நிரப்பியதாக எழுதியிருக்கிறதா, பாருங்கள். பெரும்பாலும் தலையாட்டிவிட்டு வாரப் பத்திரிகையை எடுத்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் ஒரு பெண் தன் போனில் தேடி, இரண்டு தடவை எழுதியிருக்கிறது என்றாள். சாயங்காலம் ஆனேக்கல் காண்ட்ராக்டர் ஒருவர், என்னுடையதைப் போலவே வண்டி, மூன்று தடவை என்று கண்டுபிடித்து, கன்னடத்தில் ஆரம்பித்து தெலுங்கில் ஏறித் தமிழில் வந்து நின்று அட்வைசரைக் கேள்வி கேட்டார். எனக்கு ஒரு டீ கொண்டு வந்து கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். டீயைக் குடித்தேன்.

புதன்கிழமை என் கணவரும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். தனியாக வீட்டில் இருக்க முடியவில்லையாம். இருவரும் உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு அட்வைசர் வந்து, "தீர்த்தம் மேடம், மேனேஜர் சார் கூப்பிடுறார்" என்றார்.

இவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "உன்ன எதுக்கு அப்படிக் கூப்புடுறான்?" நான் மடியில் இருந்த ஜாப் கார்டுகளை அடுக்க ஆரம்பித்தேன். அவருக்கு விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

மேலாளர் எழுந்து நின்று எங்களை வரவேற்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "மேடம், நல்ல செய்தி. மேலிடத்துல பேசிட்டேன். பாதி இல்ல, முழு எஞ்சின். புதுசு. உங்களுக்குச் செலவே இல்ல." மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, விவகாரம் தீர்ந்தது என்ற கடிதம். இன்னொன்று ஜாப் கார்டு. காரணக் கட்டத்தில் அதே வரி.

ஆசையாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புது எஞ்சின் என்றால் சும்மாவா? அதை மறுத்தால் வெளியே பட்டறையில் கட்டுவதற்கு, நாங்கள் இரண்டு வருடமாகத் தள்ளிப் போட்டு வைத்திருந்த பயணத்தை மறக்க வேண்டும். பேனாவைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். இவரைப் பார்த்தேன். "உன் இஷ்டம்மா" என்றார். அந்த உன் இஷ்டம் எனக்கு எப்போதும் எரிச்சல் மூட்டுகிற பதில். ஆனால் அன்றைக்கு அது சரியாக இருந்தது. ஓட்டியது நான். எழுதியிருப்பது என்னைப் பற்றி. அந்த எஞ்சின் ஒவ்வொரு தடவை இயங்கும்போதும் நான் செய்யாத தப்பை நானே ஒப்புக்கொண்டு வாங்கியது என்று எனக்குத் தெரியும். பேனாவைக் கீழே வைத்தேன்.

"எஞ்சின் வேணாம். வண்டியக் குடுங்க."

மேலாளர் உட்கார்ந்துவிட்டார். "யோசிச்சுச் சொல்லுங்க மேடம். ஒரு வரிக்காகவா?"

"அந்த ஒரு வரிக்காக நீங்க முழு எஞ்சினே குடுக்கறீங்க. அப்ப அது சின்ன வரி இல்ல."

அவர் பிறகு கணினியில் ஏதோ தட்டினார். கம்பெனி செலவு செய்யாவிட்டால் காரணம் கேட்காதாம். பழுது பார்க்கச் சொல்லாமலே வாடிக்கையாளர் வண்டியை எடுத்துப்போகிறார் என்று கார்டை முடித்துவிடலாமாம். புதுத் தாள் அச்சாகி வந்தது. காரணக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதன் கீழே வாடிக்கையாளர் கருத்து என்று இன்னொரு கட்டம். கருத்துக் கட்டத்தை விட்டுவிட்டு, காரணக் கட்டத்திலேயே தமிழில் எழுதினேன். கூலர் விரிசலால் எஞ்சின் கெட்டது. நான் இதைத் தண்ணீரில் இறக்கவில்லை. என் ஓட்டுதலில் தவறில்லை. தீர்த்தத்தைப் பற்றி எழுதவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

"தமிழ்ல எழுதிட்டீங்களே. ஹெட் ஆபீஸ்ல யாரு படிப்பாங்க?"

"படிக்கத் தெரிஞ்சவங்களக் கூப்பிட்டுப் படிக்கட்டும்."

தாளை மேலாளர் பக்கம் தள்ளினேன். அது போய்ச் சேருவதற்குள் என் கணவர் அதன் மேல் கையை வைத்தார். "ஒரு நிமிஷம்" என்று என்னிடமிருந்து பேனாவை வாங்கினார். வங்கியில் முப்பது வருடம் எழுதிய கை, அழகான எழுத்து.  அட்வைசர் எட்டிப் பார்த்தார். இவர் மறைக்கவில்லை, அவருக்குத் தெரிகிற மாதிரி தாளைத் திருப்பி வைத்துக்கொண்டே எழுதினார்.

தண்ணீர் ஊற்றியது நான், என் மனைவி இல்லை. அவள் நன்றாக ஓட்டுவாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் அதை என்னிடம் சொன்னதில்லை. அதை எழுதிவிட்டுத் தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மேலாளரிடம் கொடுத்தார்.